வெறுங்கையோடு ஒரு பதில்

நான் இருக்கும் ஸ்வீடன் குடியிருப்பில் துணி துவைக்க எல்லோருக்கும் பொதுவாக நிலவறையில் ஓர் அறை உண்டு. த்வெட்ஸ்துகா என்பார்கள். வாசலில் ஒரு பலகை. நமக்கு வேண்டிய நேரத்துக்கு நேராக வீட்டு எண் போட்ட சின்னப் பூட்டை அதில் மாட்டிவிட வேண்டும். அரை மணி நேரம் தாமதித்தால் அந்த நேரம் யாருக்கும் சொந்தம். ஏன் வரவில்லை என்று கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் இது எனக்குக் கல்நெஞ்சாகப் பட்டது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினை.

வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் புதியவர்களுக்கு உதவுகிறேன். அவர்கள் எழுதிய சிறு நிரலை, எந்த நாட்டில் இருப்பவரும் ஒரே கட்டளையில் தம் கணினியில் நிறுவிக்கொள்ளும்படி பொதியாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். அதற்கு வழிகாட்டுவதுதான் என் வேலை. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் பெயர் பொதியின் பக்கத்தில் மேலேயே இருக்கும். பிழை என்று யாராவது எழுதினால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் அடுத்தடுத்து எழுதும் மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லையென்றால் பொதி அநாதை என்று அறிவிக்கப்பட்டு, கேட்பவருக்குக் கொடுக்கப்படும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பாறசாலை சுசீலாக்கா. ரயில் நிலையச் சாலையில் டிடிபி கடை வைத்திருக்கிறார். என்னைவிட நன்றாக மூத்தவர். கேரள-தமிழ்நாட்டு எல்லை ஊர் ஆனதால் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் தமிழிலும் மலையாளத்திலும் அடிக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருவில் கிடந்த கோப்புகள் புதுக் கணினியில் கோடும் புள்ளியுமாகத் தெரிந்தன. அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு மாற்ற, வீடியோ பார்த்துப் படித்து அவரே ஒரு நிரல் எழுதியிருந்தார். அதைப் பொதியாக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. நான் குறை சொல்லித் திருப்பி அனுப்பும்போதெல்லாம் திருத்தித் தாறேன் மக்கா என்பார். பொதி சேர்ந்த அன்று, தன் பெயர் இருந்த பக்கத்தை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினார்.

"ஊரில எல்லாருக்க பேரையும் நான் அடிச்சாச்சு. எனக்க பேரு அச்சில வாறது இது முதல்ல ஆக்கும்" என்றார்.

நான் இந்த நாட்டுக்கு வந்ததே அவரால்தான். மேற்படிப்பு விண்ணப்பத்தை அவர் கடையில் அடிக்கக் கொடுத்துவிட்டு மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டேன். கையெழுத்துப் போட ஆள் வரவில்லையே என்று, கடைசி நாளில் கடையைப் பூட்டிவிட்டு, மழையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு காஞ்சிரங்குளத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார், ஒரு கையில் தாள்கள். மறு கையில் ஒரு சீப்பு ஏத்தன்பழம். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகாத ஊர் எங்களுடையது.

போன மழைக்காலத்தில் அவர் பொதியில் ஒரு பிழை வந்தது. கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது எழுதினேன், மூன்றாவதும் எழுதினேன். எல்லாமே பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் கடிதங்கள். அவருடைய போன் நம்பர் என்னிடம் உண்டு. கூப்பிடட்டுமா என்று திட்டத்தில் என்னோடு இருக்கும் எரிக்கிடம் கேட்டேன். சம்பளமில்லாமல் உழைப்பவரை வீட்டில் கூப்பிட்டு விசாரிப்பது தொந்தரவு இல்லையா என்று அவன் நிஜமாகவே திகைத்தான். எங்கள் பக்கம் கூப்பிடாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வெட்கப்பட்டு விழுங்கிவிட்டேன். சுசீலாக்காவின் பெயரை நீக்கி, பொதியை அநாதைப் பட்டியலில் சேர்த்தது நான்தான். எரிக் அதை எடுத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், அழுக்குத் துணிக் கூடையோடு படியிறங்கும்போது அவருடைய கடிதம் வந்தது. எரிக்கை சார் என்று விளித்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, பிழையை முழுக்கத் திருத்தி அனுப்பியிருந்தார். எனக்கும் ஒரு பிரதி. படியிலேயே உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன்.

அவர் கணவருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுபவருக்கு, பக்கவாதம் வந்திருக்கிறது. அண்ணனைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டு, வராந்தாவில் மடிக்கணினியோடு இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருக்கிறார். அண்ணன் பிழைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே என்றேன்.

"பாதி வேலைய வச்சிட்டு, வெறுங்கையோட என்ன பதில் எழுத மக்கா? முடிச்சிட்டு எழுதலாம்னு இருந்தேன்."

பெயரைத் திரும்பச் சேர்க்கிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்றார். சுவரில் ஒட்டிய தாளையும் எடுத்துவிட்டாராம். இல்லாத பெயரை மாட்டிவைப்பது பொய்தானே என்று கேட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எரிக் சாருக்கு என்னத் தெரியாது. அவரு செஞ்சது சரி. நீ எனக்க கடைக்கு வழி அறிஞ்சவன் ஆக்கும். ஒண்ணு விளிச்சுக் கேக்கப்பிடாதா மக்கா?"

நான் கீழே போனபோது அரை மணி நேரம் கடந்திருந்தது. என் பூட்டை யாரோ ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். உள்ளே எதிர்வீட்டு அம்மா துணி போட்டுக்கொண்டிருந்தார். என் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மெல்லச் சிரித்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நானும் சிரித்தேன். ஊரில் இருந்திருந்தால் ஒரு சீப்பு ஏத்தன்பழம் வாங்கிக்கொண்டு சுசீலாக்கா வீட்டுப் படி ஏறியிருப்பேன். இங்கே அழுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படி ஏறினேன்.