ஒரு உடம்புக்கு ஒரு வைத்தியம்

ஆத்தூரில் நான் வாக்கப்பட்ட வீட்டில் வைத்தியருக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் என் இடது கெண்டைக்காலில் ஒரு கட்டி கிளம்பியதும் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். ஒருவர் எருக்கிலையை வாட்டிக் கட்டினார், இன்னொருவர் வேப்பெண்ணெய் தேய்த்தார். என் கணவரின் அண்ணன், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோன இடத்தில் எவனையோ பிடித்துவந்து சூடே போட வைத்தார். கட்டி யார் பேச்சையும் கேட்காமல் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது.

அப்புறந்தான் மதுரை ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வந்தது.

"சதையில வர்ற புத்துநோய்ம்மா" என்றார் டாக்டர். "தொடையிடுக்குல ஒரு சின்னக் கட்டி இருக்கு. அதுக்கு மேல பரவல. ரெண்டையும் வெட்டிருவோம். புண்ணு ஆறினதும் தாமசிக்காம வந்து கரண்டு, அதான் கதிர் வைத்தியம், வச்சுக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் கால் தங்கும்."

வெட்டினார்கள். புண்ணும் ஆறியது. கரண்டு வைக்கக் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றார் அண்ணன்காரர்.

"ஏத்தா, ஒரு உடம்புக்கு ஒரு வைத்தியந்தேன். ரெண்டைக் கலந்தா ஒண்ண ஒண்ணு முறிச்சுப்புடும். ஒரு மண்டலம் பத்தியம் இருந்துட்டுப் போ."

"அப்ப எருக்கிலை, எண்ணெய், சூடு? அதெல்லாம் என்ன மச்சான்?"

"அதெல்லாம் கைமருந்து. கணக்குல வராது."

அடேயப்பா, என்ன கணக்கு! என் கணவரைப் பார்த்தேன். பூம்பூம் மாடு தோற்றது. "அண்ணன் சொன்னா காரணம் இருக்கும்" என்றார். தனியாக மதுரைக்குப் போக எனக்குக் காலில் தெம்பில்லை, என்னை விடுகிற வீடும் அது இல்லை. புளியில்லாத வெஞ்சனத்தை நான் விழுங்க, எதிரே உட்கார்ந்து அணை மீன் குழம்பை உறிஞ்சியபடி வாய்க்கட்டுப்பாட்டின் பெருமையைச் சொல்லுவார் அண்ணன்காரர்.

மண்டலம் முடியுமுன்னே தையல் போட்ட இடத்தில் மறுபடியும் கட்டி முளைத்துவிட்டது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "ஏம்மா இத்தன நாளா வரல?" என் கணவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்தார். இனிமேல் காலைக் காப்பாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டு, தொடையிடுக்கில் கரண்டும் வைத்தார்கள். இரண்டு வைத்தியமும் என் உடம்புக்குள் ஒன்றோடொன்று சண்டையே போடவில்லை. பிழைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊரே பார்க்க வந்தது. அண்ணன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"வெட்டும் கரண்டும் சேத்துத்தேன் பாக்கணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நல்லவேளை, கேட்டாக. கால் போனா என்ன, உசிரு இருக்குல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை முறையெல்லாம் மறந்துபோனது.

"அப்ப உங்க கால ஒண்ணச் செத்த நேரம் இரவல் குடுங்க மச்சான். தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வந்து தாரேன்."

வந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக் கால் இரண்டையும் மூடிக்கொண்டார்.