ஆறாவது பெயரோடு வெட்டியது

"ரேடியோவுல வேலைங்கா. ஒருநா கூட இவ சத்தத்தைக் காணோமே! அங்க தூத்துப் பெருக்குதாளோ?"

தேவிகுளத்துக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா அம்மாவிடம் இப்படித்தான் கேட்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வானொலி நிலையத்தில், பதிவான பேச்சை வெட்டி ஒட்டி நேரத்துக்குள் அடக்குவது என் வேலை. செய்பவரின் குரலும் பெயரும் வெளியே வராது.

எதிர் மேசையில் இருந்த தயாரிப்பாளர் அக்காவின் பெயரும் பல ஆண்டுகளாக வெளியே வந்ததில்லை. கிழக்குப் பாலக்காட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருப்பார். அறிவிப்பாளர் மூச்சுவிடுவதை வைத்தே அவர் காலையில் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்துத் தன் இட்லி டப்பாவை நீட்டுவார்.

நேயர் விருப்பத்துக்குத் தோட்டத்துப் பெண்கள் வாட்ஸாப்பில் குரல் அனுப்புவார்கள். ஒருத்தி வேண்டிய சினிமாப் பாட்டைச் சொல்வாள். பிறகு கூட இருக்கும் அத்தனை பேரும் வரிசையாகத் தங்கள் பெயரைச் சொல்வார்கள். ஒருநாள் வந்ததில் முதல் ஆறும் எனக்குத் தெரியாத பெயர்கள். மீதியைக் கேட்காமலே வெட்டிவிட்டுப் பாட்டை முழுசாக வைத்தேன்.

மாலை நிகழ்ச்சி முடிவதற்குள் போன் அடித்தது. அம்மாவோடு கொழுந்து எடுக்கும் அத்தை.

"பாட்டு செல்போன்லயே கெடக்கு தாயி. எங்க பேரு வேற எதுல வரும்? ஒங்கம்மா ஒம் மாமனையும் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தா."

மூலப் பதிவைத் திறந்தேன். கடைசிக்கு முந்தைய பெயர் அம்மாவுடையது. "ரேடியோக்காரியோட ஆத்தான்னு சொல்லுடி" என்று யாரோ சீண்ட, அம்மா வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அதைத்தான் வெட்டியிருந்தேன்.

அக்கா ஒரு காதால் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் அம்மணி, பாட்டுப் பாடுனவிகளுக்கு நம்மளை உட்டா வேற கதி இல்லியா? நாளைக்குப் பேரு முச்சூடும் போடு. மிச்ச நேரத்துல பாட்டு ஓடட்டும்."

மறுநாள் எல்லாப் பெயரும் ஒலித்தது; பாட்டு பல்லவியோடு நின்றது. யார் அனுமதித்தது என்று நிலைய அதிகாரி கேட்டதற்கு, "நாந்தானுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வேலையைத் தொடர்ந்தார். என் பெயரை அவர் எடுக்கவில்லை. நான் தற்காலிக ஊழியர்.

மாமா போன் செய்தார். "பாட்டைப் பாதியில வெட்டுனது நீதானா?"

"ஆமா மாமா."

"ஒங்கம்மா அழுதுக்கிட்டே சிரிக்கா" என்றார். போனை வைக்குமுன், "நல்லாத்தான் வெட்டுத" என்றார்.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் போய்விட்டார். தோட்டத்துப் பெண்கள் பேசுவதை மட்டுமே வைத்து அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுமதி இன்னும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்துச் சக்குபள்ளம் போய், ஏலக்காட்டுப் பெண்களிடம் முதல் பதிவை எடுத்துவிட்டேன். அதன் முடிவில், தயாரித்தவர் இன்னார் என்று என் பெயரை நானே சொல்லியிருக்கிறேன்.