ஏழாம் வரிசையில் இல்லாத பெட்டி

ருமேனியாவின் கான்ஸ்டன்சா துறைமுகத்தில் பதினோரு வருடம் கிரேன் ஓட்டிவிட்டு, எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானிக்கும் திட்ட அறைக்கு வந்தவள் ஸ்மரான்டா. கன்டெய்னர் வரிசைகளைத் திருப்பிப் போட்டால் லாரிகள் ரிவர்ஸ் எடுத்து ஒன்றையொன்று மறிக்காது என்று இரண்டு வருடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டினாள். ஒருவழியாக அனுமதி கிடைத்தது. ஒரு ஞாயிறு நண்பகலில் வேலையை நிறுத்தினோம். இரண்டு மணிக்குக் கப்பல் வந்துவிடும்; அதற்குள் மாற்றி முடிக்க வேண்டும்.

புது அமைப்பை மென்பொருளில் ஏற்றும் பொத்தானை அழுத்தினாள். அது மறுத்துவிட்டது. நீக்கப்போகும் ஏழாம் வரிசையில் இன்னும் ஒரு பெட்டி நிற்கிறதாம். ஜன்னல் வழியே பார்த்தால் அந்த வரிசை வெறிச்சென்று கிடந்தது.

"பதிவை அழிச்சுட்டு ஏத்திடேன்," என்றேன்.

"அழிச்சா, அப்புறம் பெட்டியை நீ தேடுவியா லிவியு? எழுந்து வாடா!"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு பெட்டியாக எண் பார்த்து, கடைசியில் ஒன்பதாம் வரிசையில் கண்டுபிடித்தோம். தூக்கு வண்டி ஓட்டும் கிக்கு தலையைச் சொறிந்தான்.

"காலைல வழியை மறிச்சுதுன்னு நகர்த்தி வெச்சேன். பதியணும்னு நெனச்சேன்."

"நீ நெனச்சதை கம்ப்யூட்டர் எப்படிய்யா படிக்கும்!" என்று திட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இடத்தைத் திருத்திவிட்டு மறுபடி அழுத்தினாள். ஒன்றே முக்காலுக்கு எல்லா வண்டிகளின் திரைகளிலும் புது வரிசைகள் விரிந்தன. முதல் லாரி ஒரு முனையில் நுழைந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, நிற்காமல் மறுமுனையில் வெளியேறியது. கிரேன்காரர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

ஸ்மரான்டா என் முதுகில் ஓங்கி அறைந்தாள். "பாத்தியாடா? ரிவர்ஸே எடுக்கல!"