ஆளில்லாத தண்ணீர்

செவ்வாய், காலை 7.10. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வாரம் ஒரு நாள் மின்விடுமுறை. அதை வீணாக்குவேனா? பழவேற்காடு ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம். கூட்டம் என்றாலே எனக்கு எரிச்சல். மனைவி சாந்தியை இழுத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

காலை 9.20. பொன்னேரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், பேருந்துக் கட்டணம் ஏழு ரூபாய். கரையோரம் நாஷ்டா முடித்து, எல்லப்பன் என்ற மீனவரிடம் படகு பேசினோம். ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு. முகத்துவாரம் போனால் அங்கேயும் இரண்டு படகு நிறையக் கல்லூரிப் பிள்ளைகள், ஒரே கூச்சல். வடக்கே தண்ணீர் வெறிச்சென்று கிடந்தது. ஓரமாகப் பூநாரைகள் தெரிந்தன.

"அங்க வுடுப்பா."

"வேணாம் சார். இன்னிக்கு அங்க வேற ஊருக்காரங்க பாடு."

பாடு என்றால் முறை. நல்ல மீன் விழும் இடங்களை ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு, நாள் வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் படகு நுழைந்தால், நுழைந்தவருக்கு அடுத்த முறை கிடையாது. எல்லப்பனின் முறை வியாழக்கிழமை. அதை விட்டால் அப்புறம் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் பொறுமையாகத்தான் சொன்னார். கூலியை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன், மடையன்.

"நா இன்னா மீனா புடிக்கப் போறேன்? நூறு ரூபா சேத்து வாங்கிக்கோ. இப்டி பயந்துகினே இருந்தா எப்டி?"

அந்தக் கடைசிப் பேச்சு அவரைச் சுட்டிருக்க வேண்டும். படகை வடக்கே திருப்பினார்.

10.05. நூற்றுக்கணக்கில் பூநாரைகள், இறக்கை விரித்தால் இளஞ்சிவப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது காற்று படகைத் தள்ளியது. மோட்டார் இரண்டு முறை முனகி நின்றது. மோட்டாரின் விசிறியில் யாரோ விரித்திருந்த வலை சுற்றியிருந்தது. எல்லப்பன் முகம் செத்துப்போயிற்று.

எங்கிருந்துதான் வந்தார்களோ, மூன்று படகுகள் எங்களைச் சூழ்ந்தன. ஒருவர் கையில் கழி.

"எவன்டா அது, நம்ம பாட்டுல பூந்து வலைய கீச்சிக்கினு!"

என் வாய் தானாகத் திறந்தது. "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இவருதான் இட்டாந்தாரு."

எல்லப்பன் என்னைப் பார்த்தார்.

சாந்திதான் படகு ஆட ஆட எழுந்து நின்றாள். "பொய்ங்க! அவரு வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினாரு. எங்க ஊட்டுக்காரருதான் கேக்கல."

கழி தாழ்ந்தது. அதை வைத்திருந்தவர் என்னிடம் கேட்டார்: "இவ்ளோ பெரிய ஏரில உனக்கு இந்த எடந்தான் கெடச்சுதா?"

"ஆளே இல்லாம இருந்துச்சு, அதான்..."

"சும்மாவா ஆள் இல்ல? எங்க வயித்துக்காவ இன்னிக்கு மத்த ஊரெல்லாம் ஒதுங்கி நிக்குது சார்."

என் தப்புதான் என்று கும்பிட்டேன், கெஞ்சினேன். என்னைத் திட்டக்கூட அவர்களுக்கு மனமில்லை. வலையைத் தாங்களே தைத்துக்கொள்வார்களாம். ஆனால் நுழைந்தது எல்லப்பன் படகு. வியாழக்கிழமை முறை போனது போனதுதான்.

12.30. கரையில் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். எல்லப்பன் முதலில் பேசிய முந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"வியாழக்கெழம வா சார், நல்லா சுத்திக் காட்றேன். அன்னிக்கு எனக்கு வேல இல்ல."

குத்திச் சொன்னாரா, மனசாரத்தான் கூப்பிட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.