செல்ஃப் எடுக்காத நாட்கள்

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசுகள் இருக்கிற ரோட்டில் எனக்குப் பூக்கடை. லோடு ஏற்றிக் கிளம்பும் டிரைவர்கள் வண்டிக்குப் பூச்சரமும், சக்கரத்தில் நசுக்க எலுமிச்சம்பழமும் என்னிடம் வாங்குவார்கள். எல்லோரும் கடை முன்னாலேயே நிறுத்துவார்கள். நாக்பூர் லோடு ஓட்டும் வீரபாகு மட்டும் புளியமரம் தாண்டி நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வருவார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். என் பூவில் புகை படியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆனது.

போன மாசியில் ஒரு நாள் அவர் வண்டி கடையை ஒட்டியே நின்றது. மல்லிகை மேலெல்லாம் புகை. மனுஷன் இறங்கவே இல்லை.

"தம்பி, பூ வேண்டாங்களா?"

"என்னத்துக்குங்க" என்றார்.

அந்த லோடுக்குப் பிறகு அவர் வேலைக்கே வரவில்லை. ஒரு மாதம் கழித்து மனைவி சாலம்மாள் வந்து நின்றாள்.

"குளிக்கறதில்லீங்கக்கா. பேஸ்டு வெச்சுக் குடுத்தாலும் பிரஷ்ஷக் கையில புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கறாரு. ஆவணிக்குள்ள வரலீன்னா வேற டிரைவரப் போட்டுருவேன்னு ஓனரு மணியன் சொல்லிட்டாருங்க."

டீக்கடையில், "ஊட்டுச் சோறு ருசி கண்டுருச்சு, இனி எங்க நாக்பூரு?" என்று கேலி வேறு.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். வீட்டுக்கே போய் அவர் கையில் அம்மன் கோயில் கயிறு கட்டி, திருநீறு பூசி, "மனசத் திடமா வெச்சுக்கிட்டு எந்திரிங்க சாமி" என்று அதட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு மட்டும் ஆசையில்லீங்களா அக்கா? சாவியப் போட்டுத் திருகறேன். செல்ஃப் எடுக்கமாட்டேங்குதுங்க."

எனக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். செல்ஃப் எடுக்காத லாரியை யாரும் சோம்பேறி என்று திட்டி நான் பார்த்ததில்லை. கூடி நின்று தள்ளிவிடுவார்கள். அப்புறம் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுவார்கள்.

மறுநாளே சாலம்மாளும் நானும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இது மனச்சோர்வு என்கிற நோய், மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை சின்னச் சின்ன வேலையாகச் செய்யட்டும் என்றார் டாக்டரம்மா. கயிற்றை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும். மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். அம்மன்தான் அவர் வாயில் வந்து பேசினாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

தள்ள ஆரம்பித்தோம். முதல் வாரம் பல் விளக்கினால் போதும். அப்புறம் குளியல். அப்புறம் என் கடை வரைக்கும் நடை. சில நாள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். "நாளைக்குத் தள்ளிக்கலாம், போங்க" என்பேன்.

ஆனியில் ஒரு காலை, கடைக்கு வந்தவர் பூக்கூடையைத் தூக்கி உள்பக்கமாக வைத்தார்.

"பொகை அடிக்குதுங்கக்கா."

அம்மா தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உடனே மணியனுக்குப் போன் போட்டேன். "வண்டியக் கழுவி வைங்க. உங்க டிரைவர் வந்துட்டாரு."

டாக்டரம்மாவும் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, ஆடிக் கடைசி வெள்ளியன்று முதல் லோடு. புளியமரம் தாண்டி வண்டி நின்றது. நடந்துதான் வந்தார். சரமும் பழமும் வாங்கிக்கொண்டார், சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதை எழுதும்போது நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருப்பார். கிளம்பும்போது சொன்னது இதுதான்:

"இன்னைக்கு ஒரே திருகுல எடுத்துக்கிச்சுங்கக்கா. என்னைக்காச்சும் எடுக்கலீன்னா போன் பண்றனுங்க, தள்றதுக்கு வந்துருங்க. வாரனுங்க."