மாட்டேன் என்பதற்கு ஒரு படிவம்

எங்கள் வார்ட்டின் தேநீர் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. யாருக்கு என்ன முடியாது என்பதை அவரவரே அதில் எழுதிவைப்பார்கள். லில்லிப் பூ வைத்த அறைக்குள் ஒருத்தி போகமாட்டாள், தும்மல் வருமாம். முதுகுவலிக்காரர் ஒருவர் யாரையும் தூக்கமாட்டார். இன்னொருவர் கால்பந்து இறுதியாட்டத்தன்று எந்த ஷிப்டுக்கும் வரமாட்டார். அதற்குக் காரணம்கூட எழுதவில்லை. புறநகரான டண்டினொங்கிலிருந்து ரயிலேறி இந்த மெல்பேர்ன் மருத்துவமனைக்குத் தாதி வேலைக்கு வரத் தொடங்கி மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் அந்தப் பலகையைப் பார்த்தால் வாய் பிளக்கிறேன். மேலதிகாரி வந்துபோகிற இடத்தில், சொந்தப் பெயரைப் போட்டு, மாட்டேன் என்று எழுத இவர்களுக்கு எப்படித்தான் கை வருகிறதோ. என் பெயர் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லுகிறவள்.

அப்படிச் சொல்லிச் சொல்லியே மாட்டிக்கொண்டேன். எங்களுடையது குணப்படுத்த முடியாதவர்களைப் பராமரிக்கும் வார்ட். இந்த மாநிலத்தில், சாவை நெருங்கிவிட்ட நோயாளி ஒருவர், வைத்தியர்கள் தீர விசாரித்து அனுமதி தந்தபின், தானே நாள் குறித்து மருந்தைக் குடித்து உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதில் பங்குபற்ற மனச்சாட்சி ஒப்பாத தாதி விலகி நிற்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. அந்த நேரத்தில் அறைக்குள் நிற்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த வாரமே இதையெல்லாம் விளங்கப்படுத்தினார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். உயிரைத் தந்தவர்தான் எடுக்கவேண்டும் என்பது எனக்குள் ஊறிப்போன விசயம். ஆனாலும் வாய் திறந்து சொல்லவில்லை. முதல் முறை அப்படி ஒரு நாள் வந்தபோது ஷிப்டை மாற்றிக்கொண்டேன். இரண்டாம் முறை, வயிற்றுவலி என்று காலையில் போன் எடுத்துச் சொன்னேன். மூன்றாம் முறை காய்ச்சல், தடிமன்.

இந்தப் புத்தி எனக்கு எங்கே வந்தது என்று நன்றாகத் தெரியும். சண்டைக் காலத்தில் ஊர் ஆஸ்பத்திரியில் பயிற்சித் தாதியாக இருந்தேன். தோளில் துவக்கு மாட்டியவர்கள் வருவார்கள். இன்ன இடத்துக்கு வேலைக்கு வரவேண்டும் என்பார்கள். விருப்பமில்லாதவர்கள் பெயரை எழுதித் தரலாம் என்று மிக மரியாதையாகத்தான் கேட்பார்கள். எங்கள் கிளார்க் ஒருவர் அதை நம்பி எழுதிக்கொடுத்தார். அந்தத் துண்டுக் காகிதம் யார் யார் கைக்குப் போனதோ, ஒரு மாதத்துக்குள் மனிதர் பெண்சாதி பிள்ளைகளோடு ஊரைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரராகிவிட்டோம். கேட்டவுடன் ஓம் என்போம். போகவேண்டிய நாளில் சுகமில்லை என்று பாயை விரித்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் பிழைத்தார்.

இந்த முறை நாள் குறித்தவர் டொரத்தி. ஒரு காலத்தில் டிராம் கண்டக்டராக இருந்தவர். நுரையீரல் முழுக்க நோய் பரவி, நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கும். அப்படியும் பகிடிவிட்டுச் சிரிக்கவைப்பது குறையாது. தினமும் காலையில் அவருடைய வெள்ளை முடியைச் சீவி, ஒரு நீலக் கிளிப்பைக் குத்திவிடுவது என் வேலை. கட்டிலுக்கு எதிரே இருந்த நாட்காட்டியில் புதன்கிழமைக் கட்டத்துக்குள் ‘மகள் வருகிறாள்’ என்றும் வியாழன் கட்டத்துக்குள் ‘11’ என்றும் எழுதியிருந்தார். பல்வைத்தியரிடம் போக நேரம் எடுத்தவர்போல வெறும் பதினொன்று. வியாழன் காலை ஷிப்ட் எனக்கு. வயிற்றுவலியும் காய்ச்சலும் சொல்லியாயிற்று, இந்த முறை என்ன வருத்தம் சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அதற்குள் வெள்ளிக்கிழமை, எங்கள் பொறுப்புத் தாதி ஃபியோனா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஜெசி, வீட்டில் நீ பாதுகாப்பாக இருக்கிறாயா?”

“ஓம், முன்கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறோம்” என்றேன்.

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மேசைமேல் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தள்ளினாள். கணவனிடம் அடிவாங்கும் பெண்கள் அழைக்கவேண்டிய தொலைபேசி எண். திடீர் திடீரென்று நான் வராமல் நின்ற நாட்களை வைத்து அவள் அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழும்பி எனக்குத் தேநீர் போட்டுத் தந்துவிட்டு வேர்ஹவுஸ் வேலைக்குப் போகிற என் மனுசன் அன்ரனுக்கா இந்தப் பழி? அவரைக் காப்பாற்றப் போய் உண்மை முழுவதையும் கொட்டிவிட்டேன். வேலை போகும், வேலையோடு ஒட்டிய விசாவும் போகும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஃபியோனா அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சட்டம் உன் பக்கம் நின்றிருக்கும். சுகமில்லை என்று பொய் சொன்னால் யாரும் உன் பக்கம் நிற்க முடியாது.” இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். மனச்சாட்சியின்படி விலகிக்கொள்கிறேன் என்று ஒரே ஒரு வரி. கீழே பெயர், கையொப்பம். புதன்கிழமைக்குள் தரவேண்டும்.

அன்ரன் படிவத்தைத் தொடக்கூட இல்லை. “நிரந்தரமா இருக்கிற பிஆர் விசா கையிலை வருமட்டும் ஒண்டிலையும் பேரைப் போடாதை. இண்டைக்கு நல்லாத்தான் கதைப்பினம். நாளைக்கு ஆர் வருவினமெண்டு உனக்குத் தெரியுமே?” என்றார். ஞாயிறு பூசை முடிந்து, தெரியாத்தனமாக றோசலின் அன்ரியிடம் சொன்னேன். கோயில் பெண்கள் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். “கையெழுத்து வை பிள்ளை. ஆனா, அப்பிடியான இடத்திலை உனக்கு என்ன வேலை? வேறை ஆஸ்பத்திரியே இல்லையோ?” என்றார். ஒருவருக்கு நான் எழுதினால் பிழை, மற்றவருக்கு நான் அங்கே நிற்பதே பிழை. படிவம் கைப்பைக்குள் கிடந்து மடிப்பு மடிப்பாய்ப் போனது.

உண்மையில் எனக்கு ஃபியோனாவைவிட டொரத்தியிடம்தான் பயம். நான் அவரை வெறுக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ? புதன்கிழமை முடி சீவும்போது அவரே கேட்டார்.

“நாளைக்கு நீதானே?”

“காலையில் வருவேன். பதினொரு மணிக்கு உள்ளே நிற்கமாட்டேன். என் விசுவாசம்...” அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை.

மூச்சு வாங்கி முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “டிராமில் எல்லோரும் கடைசி நிறுத்தம்வரை வருவதில்லை, ஜெஸ். என் முடியை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு இறங்கு.”

நேரே போய்க் கையொப்பம் வைத்தேன். என் பெயரை முழுதாக, அப்பாவின் பெயரோடு சேர்த்து எழுதினேன். ஃபியோனா அதை வாங்கி, லீவுக் கடிதம் வாங்குவதுபோல ஒரு கோப்புக்குள் வைத்தாள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் ரயிலில் வீடு போகும்வரை என்னை யாரோ பின்னால் நின்று பார்ப்பதாகவே இருந்தது.

வியாழன் காலை நான் சுகமில்லை என்று சொல்லவில்லை. போனேன். டொரத்தியின் முகம் துடைத்தேன், முடியை மெல்லச் சீவினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நான் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே, எனக்குப் பதிலாக நிற்கவேண்டிய மற்றத் தாதி உள்ளே வந்துவிட்டாள். அவளைக் கண்டதும் பதறிப்போய், டொரத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

நடைபாதையில் நின்று செபமாலைக்காகச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். நீலக் கிளிப் அகப்பட்டது. குத்த மறந்து வந்திருக்கிறேன். மணி பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. தட்டினால் திறப்பார்கள், கோபிக்கவும் மாட்டார்கள். ஆனால் உள்ளே நிற்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவள் நான். என்னைக் காப்பாற்றுகிற காகிதம் அது. கதவுக்கு நேரே கையை உயர்த்துவதும் இறக்குவதுமாக நின்றேன். அந்த வாசல்வரை ஏன் போனாய் என்று கோயிலில் கேட்பார்கள். ஏன் உள்ளே வரவில்லை என்று இங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். டொரத்தி ஒருவர்தான் கேட்டிருப்பார், கிளிப் எங்கே என்று.