பிடித்த நாய்

எங்கள் நாய் என் தங்கையின் மகளைக் கடித்தபோது வேலணைத் தீவு முழுவதும் மத்தியான நித்திரையில் கிடந்தது. சோளகக் காற்று பனைகளுக்குள் புகுந்து சளசளத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்குக் கண்ணை மூடவே தேவையில்லை, விழித்திருக்கும்போதே கனவு வரும். நான் குசினியில் மீன் சட்டியைக் கழுவியபடி அப்படி ஒரு பாதிக் கனவில்தான் நின்றேன். முற்றத்தில் தங்கையும் மகளும் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு, பந்து மண்ணில் விழும் சத்தம், தங்கையின் குரல், மறுபடி சிரிப்பு. பிறகு ஓர் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளையின் கெண்டைக்காலை நாய் வாயில் வைத்துக்கொண்டு நின்றது. பிய்க்கவில்லை, உதறவில்லை. சொன்ன வேலையைச் செய்துவிட்டுக் காத்து நிற்பதுபோல் நின்றது. "விடு" என்று கத்தினேன். உடனே விட்டுவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. தங்கைக்கு ஆத்திரம் தலைக்கேறியது அந்த வாலைப் பார்த்துத்தான்.

"செய்யிறதையும் செய்துபோட்டு வாலாட்டுது பாரக்கா!" என்று செருப்பைக் கழற்றி எறிந்தாள். செருப்பு என் தோளில் பட்டது.

கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவினோம். ஓட்டோ பிடித்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கு ஏழு வயது. சுவிஸில் பிறந்தவள், சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவள். வழி முழுக்க அழாமல், "பெரியம்மா, எனக்கு வலிக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்" என்று இலக்கணம் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அழுதது அவளுடைய தாய்.

ஊசி போட்ட டொக்டர் இளம் பெண். எங்கள் முகங்களைப் பார்த்தே எங்கள் மனதில் ஓடியதை அறிந்துவிட்டார் போலிருக்கிறது. "நாயை அடிச்சுப் போடாதையுங்கோ, எங்கையும் கொண்டுபோய் விட்டிடாதையுங்கோ. ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்குக் கட்டி வைச்சுப் பாருங்கோ. அது சுகமா நிக்குதெண்டால்தான் எங்களுக்கும் நிம்மதி" என்றார்.

வீடு திரும்பும் வழியில் தங்கை வெளியே கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டு கிழமை கழிய அந்த நாய் இந்த வளவிலை நிக்கக்கூடாது. நிண்டால் நான் இனி இஞ்சை வரமாட்டன்."

என் கணவர் ஓட்டோவின் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, காரைநகருக்குக் கடத்திவிடுவம்" என்றார்.

எங்கள் ஆட்கள் ஆகாத நாயைக் கொல்வதில்லை. தண்ணீர் தாண்ட விடுவோம். கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் விட்டால் தார் வீதியை மோந்து மோந்து திரும்பி வந்து, வாசலில் நின்று நம்மையே குற்றவாளி ஆக்கிவிடும். ஆனால் ஊர்காவற்றுறையில் படகேற்றிக் காரைநகரில் இறக்கிவிட்டால் வராது, கடல் மணத்தை அழித்துவிடும் என்பார்கள். இறங்கிய நாய்கள் அந்தக் கரையில் என்ன ஆகின்றன என்று எவரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரித்ததில்லை. எங்கள் நாய் என்று வந்தபோதுதான் எனக்கு அந்த வழக்கத்தின்மேல் கோபம் வந்தது. எனக்கு மூக்கின் நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும், ஆனால் அந்த நாட்களில் அதை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் சட்டி பானைகளின்மேல் காட்டினேன்.

நாயை வேம்பின் கீழ் கட்டினோம். அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. விசர் பிடித்த நாய் தண்ணீர் குடிக்காதாம். காலையும் மாலையும் பக்கத்தில் குந்தியிருந்து அது நக்கிக் குடிக்கும் சத்தத்தைக் கேட்பேன். வேப்பம் நிழல் அதன் முதுகில் அசையும். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நித்திரை வரும். ஒருநாள் அப்படியே கண்ணயர்ந்தபோது, எங்கள் நாய் கடலுக்கு மேலே நடந்து வருவதாகக் கண்டேன். கடல் முழங்கால் அளவுக்குத்தான் இருந்தது. கயிறு பின்னால் மிதந்து வந்தது. கரையில் நான் நிற்கிறேன், ஆனால் அதைக் கூப்பிட எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

பிள்ளை யன்னலில் இருந்து நாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாய் வெளியே விடமாட்டாள். கம்பிக்குள்ளால் அவள் நாயோடு கதைப்பது எனக்குக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் பெரியவர்களை மரியாதையாக விளிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாயும் அவளுக்குப் பெரியவர்தான். "நீங்கள் சாப்பிட்டீர்களா? உங்களுக்குக் கயிறு வலிக்கிறதா?" என்று கேட்பாள். நாய் காதை உயர்த்திக் கேட்கும். எங்கள் வீட்டில் அதற்கு இப்படி மரியாதை கிடைத்ததே இல்லை.

தங்கைக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவை சுவிஸிலிருந்து போன் வரும். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வளவின் கோடிக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் வீங்கியிருக்கும். "நான் அப்பவே சொன்னனான், பிள்ளையைக் கொண்டு போகாதையெண்டு. இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்றாள் ஒருநாள். பயணத்துக்குக் கணவரைச் சம்மதிக்க வைக்கவே அவளுக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

இப்படி இருக்கும்போது ஒரு காலை பக்கத்து வளவு ஆடு வேலிப் பொட்டால் நுழைந்து எங்கள் கத்தரியை மேயத் தொடங்கியது. என் கணவர் தோட்டத்தின் மறு கரையிலிருந்து பழக்க தோஷத்தில் கத்தினார்.

"சூ... பிடி! பிடி!"

கட்டியிருந்த நாய் பாய்ந்தது. கயிறு கழுத்தை இறுக்க, இரண்டு பின்னங்காலில் நின்று திமிறியது. அவர்தான் குட்டியிலிருந்து அதைப் பழக்கியவர். 'பிடி' என்றால் ஓடுகிற காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும், 'விடு' என்னும்வரை விடக்கூடாது, பல் ஆழமாகப் படவும் கூடாது. ஊரில் அதற்கு நல்ல பெயர்.

நான் கையில் தண்ணீர்ச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்றைய மத்தியானம் குசினிக்குள் கேட்ட தங்கையின் குரல் இப்போது சொல்லோடு சேர்ந்து கேட்டது. பந்தை எறிந்துவிட்டு மகளிடம் "பிடி, பிடி!" என்று அவள்தான் கத்தினாள். பிள்ளை பந்தின் பின்னால் ஓடினாள். நாய் சொன்னதைச் செய்தது.

கணவரும் என்னைப் பார்த்தார். ஆடு கத்தரியைத் தின்றுகொண்டே இருந்தது.

கிட்ட வந்து, "நீர் அவளுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார் மெல்ல.

"சொல்லாட்டி நாய் போயிடும்."

"சொன்னால் அவள் போயிடுவாள். தன்ரை வாயாலைதான் பிள்ளையைக் கடிபட வைச்சனெண்டு தெரிஞ்சால் தாங்குவாளோ? அந்த மனிசன் அறிஞ்சால் இந்தப் பக்கம் விடுமோ?"

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. நாய் என்ன பாவம் செய்தது? சொல்லித்தான் ஆக வேண்டும் என்று மறுநாள் காலை தங்கையிடம் போனேன். அவள் கதிரையில் இருந்து மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"அக்கா, அங்கை இவள் என்னைத் தமிழிலை கூப்பிடுறதே இல்லை. நாய் பிடிச்ச உடனை 'அம்மா' எண்டு கத்தினவள். கேட்டனியோ? கடிபட்டது ஒரு பக்கம், அது இன்னும் என்ரை காதுக்கை நிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் "ஓம், கேட்டனான்" என்று சொல்லிவிட்டு முற்றம் கூட்டப் போய்விட்டேன். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன்.

தவணை முடிந்தது. நாய்க்கு ஒரு குறையும் இல்லை, பிள்ளையின் காயமும் ஆறிவிட்டது. காரைநகருக்குப் போக வேண்டிய காலை வந்தது. வாசலில் ஓட்டோ நின்றது. கணவர் புதுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். நாய் சாட்டிக் கடலுக்குக் குளிக்கப் போகிறோம் என்று நினைத்து உடம்பை நெளித்துத் துள்ளியது. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பார்க்க ஏலாமல் போனது.

"தங்கச்சி, நாயிலை பிழையில்லை" என்றேன். "பிடி எண்டு சொன்னது நான்."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"குசினி யன்னலாலை ஆடு வாறதைக் கண்டிட்டுக் கத்தினனான். ஆட்டைப் பிடியெண்டுதான் சொன்னனான். ஓடினது பிள்ளையாப் போச்சு."

கணவர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"இவ்வளவு நாளும் ஏனக்கா சொல்லேல்லை?"

இந்தக் கேள்விக்கு நான் பொய் எதுவும் தயார் செய்திருக்கவில்லை. "பயத்திலை" என்றேன். அது உண்மை.

அவள் கோப்பையை நிலத்தில் வைத்தாள். அவளுடைய முகத்தில் முதலில் ஒரு பெரிய ஆறுதல் வந்ததை நான் கண்டேன். போனில் பழி போட்டுச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. பிறகுதான் கோபம் வந்தது.

"அத்தான், நாயை அவிட்டு விடுங்கோ. வாயில்லாச் சீவன், அது என்ன செய்யும்?" என்றாள். என் பக்கம் திரும்பாமலே, "அது நிக்கட்டும். நாங்கள் போறம்" என்றாள்.

நாய்க்கென்று வந்த ஓட்டோவில் அவர்களுடைய பெட்டிகள் ஏறின. மிச்ச நாட்களை யாழ்ப்பாணத்தில் தன் கணவர் வீட்டாரோடு கழிக்கப் போவதாகச் சொன்னாள். நான் நில் என்று சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

பிள்ளை ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குனிந்தேன். அவள் என் காதுக்குள், "பெரியம்மா, நீங்கள் பொய் சொன்னீர்கள். அம்மாதான் பிடி என்று சொன்னார்" என்றாள்.

அவளுடைய முகத்தை என் பக்கம் திருப்பினேன். "உனக்கு முதலே தெரியுமோ, குஞ்சு? ஏன் அம்மாவுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் அம்மா அழுவார்" என்றாள். அவளும் அந்த இரண்டு கிழமையும் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் யன்னலடியில் இருந்திருக்கிறாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிஸிலிருந்து பிள்ளை வீடியோவில் அழைப்பாள். நாயைக் காட்டச் சொல்வாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு வேம்படிக்குப் போவேன். தங்கை ஒருநாளும் திரையில் வருவதில்லை. போன கிழமை, "அம்மா எங்கை, குஞ்சு?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை ஒருபக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "பக்கத்தில்தான் இருக்கிறார். நீங்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றாள்.

நான் நாயைப் பற்றியே சொன்னேன். இஞ்சை மழை பெய்தது, கிணறு நிறைஞ்சு போச்சு, நாய் நல்லா இருக்குது, உங்களைத் தேடுது என்று சொன்னேன். பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்க வேண்டுமென்று கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.